முனை டீச்சரின் பல்செட்

படகுத்துறை,
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் சுகம், வேனும் சுகம். உன் முதுகுவலியும் மாமாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

நேற்று வாசலில் நின்று, "மெதுவாப் போடா, பல்லு பத்திரம்" என்று சொன்னாயே, என் மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்து போனேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான், பின்னால் பெட்டியில் இருக்கும் பதினொரு பல்செட்டைச் சொன்னாய் என்று உறைத்தது.

ஊர் எல்லையைத் தாண்டியதும் சாலை நேராகக் கடலிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் உப்பளம், நடுவில் தாரும் நானும்தான். மரம் என்று ஒன்று கிடையாது. பல இடங்களில் மணல் சாலை மேல் ஏறிப் படுத்திருக்கிறது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத் தாண்ட வேண்டும், தாண்டியதும் கால் பம்பால் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டு நாளில் நான்கு முறை அடித்துவிட்டேன், தொடை விண்ணென்று தெறிக்கிறது. இன்று காலை முழுக்க எதிரே வந்தது ஓர் உப்பு லாரியும் ஒரு நாயும். லாரி வழி விட்டது.

உப்பளத்து மேஸ்திரிக்கும் அவருடைய மாமியாருக்கும் செட் கொடுத்தாயிற்று. மேஸ்திரி மாட்டிய கையோடு வறுத்த கடலையை மென்று காட்டினார். மாமியார் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், சிரித்தார், அடுத்த நிமிடமே மருமகனைத் திட்ட ஆரம்பித்தார். "ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன், உங்க அக்கா கெடுத்துட்டாங்க" என்று அவர் என்னிடம் முறையிட்டார். இரண்டு செட்டிலும் அரம் வைக்க வேண்டிய வேலையே இல்லை. உன் கைராசி அப்படி.

இப்போது துறையில் காத்திருக்கிறேன். வேன்களை ஏற்றிப் போகும் மிதவை அக்கரையில் நிற்கிறது. மூன்று மணிக்கு வருமாம். நாளை முனைக் கிராமத்து டீச்சர், நாளை மறுநாள் கலங்கரை விளக்கத்துக்காரர், அன்று சாயங்காலமே மீதி ஏழு செட்டோடு நகரம். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நேர்முகம். ஒரு நிமிடம் பிந்தினாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டால் உன் பல்லை ஊர் ஊராகக் கொண்டுபோக வேறு ஆள் பார்க்க வேண்டும். அதை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

மிதவை சங்கு ஊதுகிறது. முடிக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

நகரம்,
ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பல் கட்டும் பட்டறையில் இரண்டாம் நிலைத் தொழிலாளி. மூன்றாம் மாடி, எட்டு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் தனி விளக்கு. பிளாஸ்டர் தூசியை உறிஞ்ச ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நீ பார்த்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுவாய்.

பதினொரு செட்டும் கொடுத்தாயிற்று. மிதவையில் ஏறும்போது பெட்டி கொஞ்சம் சரிந்தது, ஒன்றும் உடையவில்லை. முனைக்கு மேல் சாலை பாறை ஓரமாகவே போகிறது, அலை அடித்தால் கண்ணாடி நனைகிறது. மற்றபடி சொல்லும்படி ஒன்றும் இல்லை.

மேற்பார்வையாளர் கூப்பிடுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பட்டறை,
ஜனவரி 28

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

வேலை கிடைத்த செய்தியை மாமா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். இரண்டாம் நிலை என்று எழுதியிருந்தாய், அவர் முதலாம் நிலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

ஆனால் ஒன்று, உப்பளத்து மாமியார் திட்டியதை எல்லாம் எழுதத் தெரிந்தவனுக்கு டீச்சரைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? அந்த அம்மாவின் கீழ்த்தாடை ஒரு பக்கம் தேய்ந்தது, மெழுகிலேயே மூன்று முறை மாற்றி வைத்தேன். எப்படி உட்கார்ந்தது? பேசிப் பார்த்தார்களா? விளக்குக்காரருக்கு அகலமான வாய், அவருக்கு என்ன சொன்னாய்? எனக்குச் செய்து அனுப்பினால் மட்டும் போதாது, அது வாயில் போய் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும். உனக்குத்தான் தெரியுமே.

டிசம்பரில் அந்த வேலை ஓடும்போது என் வலது கை கொஞ்சம் நடுங்கியது. அச்சுக்குப் பிளாஸ்டர் மாவு ஊற்றும்போது பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. குளிராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

உடனே எழுது.

உன் அக்கா

*

நகரம்,
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, இங்கே மூச்சுவிட நேரமில்லை.

நீ கேட்டிருந்தாய். எல்லாம் நன்றாகவே உட்கார்ந்தன. புதிதில் யாருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தங்கும் அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பட்டறை,
ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை.

முனை டீச்சரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்:

"தங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. தங்கள் தம்பி மிகவும் பொறுமையாக ஒரு மணி நேரம் இருந்து சரிசெய்து கொடுத்தார். பழகிவிடும் என்று சொன்னார். மூன்று மாதமாகிறது, எனக்குத்தான் பழக வரவில்லை. வாயைத் திறந்தால் விசில் சத்தம் வருகிறது, சில சமயம் மேல்வரிசை கழன்று விழுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிள்ளைகள்தானே. தலைமையாசிரியர் என்னை வகுப்பிலிருந்து எடுத்துப் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார். குறை என் வாயில்தான் இருக்க வேண்டும். எனக்கு இந்த வயதில் இனிப் பழகுமா என்று மட்டும் சொல்லுங்கள்."

முப்பத்தைந்து வருடமாக நான் கட்டிய பல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். பேசிப் பிழைக்கிற ஒரு பெண்ணின் வாயை நானே கெடுத்துவிட்டேன். அந்த அம்மா குறை தன் வாயில் என்று எழுதுகிறார். அதைப் படிக்கத்தான் கூசுகிறது.

டிசம்பரில் நடுங்கிய கைதான் இது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நீ பார்த்து அரத்தால் ராவிச் சரிசெய்தும் அது உட்காரவில்லை என்றால், அளவிலேயே தப்பு, அதாவது என்னிடம் தப்பு. நீ என் மனது நோகக்கூடாது என்று முதலிலேயே மறைத்திருக்கிறாய், அதுவும் புரிகிறது.

மறைக்காமல் சொல். என் கை போய்விட்டதா?

அக்கா

*

(தபாலில் சேர்க்காதது)

நகரம்,
ஏப்ரல் 15

அக்கா,

உன் கை போகவில்லை.

மிதவையில் ஏறும்போது பெட்டி சரிந்தது என்று எழுதினேன். சரியவில்லை, கவிழ்ந்தது. இரண்டு டப்பாக்கள் மூடி கழன்று, செட்டுகள் பலகை மேல் உருண்டன. கடல் தண்ணீரில் கழுவி, திரும்ப டப்பாவில் போட்டு, பெயர் எழுதிய மூடிகளைப் போட்டேன். எந்த செட்டுக்கு எந்த மூடி என்று ஒரு கணம் யோசித்தேன். ஒவ்வொரு செட்டின் உள்பக்கத்திலும் நீ ஊசியால் ஓர் எண் கீறி வைப்பாய், அதைப் பார்த்திருந்தால் போதும். மூக்குக்கண்ணாடி வேனுக்குள் இருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர், "அண்ணே, எடுங்கண்ணே, வழிய விடுங்க" என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குத்துமதிப்பாக மூடிவிட்டேன்.

முனையில் டீச்சருக்கு மாட்டியபோது செட் உள்ளே போகவில்லை. உன் வேலை ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ராவினேன். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விளக்கடியில், விளக்குக்காரருக்குக் கொடுக்க மற்ற டப்பாவைத் திறந்தேன். அவருக்கு மாட்டினால் செட் வாய்க்குள் ஆடுகிறது. அப்போதுதான் திருப்பி எண்ணைப் பார்த்தேன். ஆறு. டீச்சருடையது. அவருடைய ஏழாம் எண் செட்டைத்தான் முந்தின நாள் டீச்சருக்காக ராவிக் கெடுத்திருந்தேன். திரும்பிப் போக வேண்டுமென்றால் தொண்ணூறு கிலோமீட்டர். மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்முகம்.

உள்ளே ஈறில் ஒட்டும் பசையைப் பூசி, உறுத்திய இடங்களில் டீச்சருடைய நல்ல செட்டையும் ராவி, அவர் வாயில் உட்கார வைத்தேன். "பழகிடும் ஐயா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வழியில் சாப்பிட ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வண்டியை ஓட்டிக்கொண்டே மூன்று பழம் தின்றேன். நான்காவது இறங்கவில்லை.

இதை எழுதிவிட்டேன். அனுப்ப முடியுமா என்று

*

நகரம்,
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

டீச்சரின் தாடை விசித்திரமானது, யார் செய்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அக்கா, இத்தனை வருடம் ஓடி ஓடி உழைத்துவிட்டாய். மெழுகுப் புகையும் பிளாஸ்டர் தூசியும் யாரைத்தான் விட்டுவைத்தன? வயது என்று ஒன்று இருக்கிறது அல்லவா? இனிமேல் ஓய்வெடு. மாமாவோடு எங்காவது போய்வா. நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், உனக்கு ஒரு குறையும் வராது.

டீச்சருக்கு நானே இங்கிருந்து ஏதாவது வழி பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

வீடு,
மே 8

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? நான் சுகம். தலைப்பில் பட்டறை என்று எழுதாமல் வீடு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மற்றவர்கள் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் பக்கத்திலேயே இருபது வருடம் உட்கார்ந்து என் கையைப் பார்த்தவன் நீ. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமா பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். அரங்களையும் மெழுகுக் கத்திகளையும் எண்ணெய் தடவித் துடைத்து மருந்துக்கடைக்காரரின் மகளிடம் கொடுத்துவிட்டேன், பல் படிப்புப் படிக்கிறாளாம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் காலை பதினொரு மணிதான். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. வெங்காயம் உரித்தேன். மாமா, "நேத்தும் உரிச்சியே" என்றார்.

ஆனால் அளவெடுக்கும் தட்டுகளையும் கொஞ்சம் பிளாஸ்டரையும் கொடுக்கவில்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டீச்சரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படியே விளக்குக்காரரையும் பார்ப்பேன், இரண்டும் ஒரே வாரத்தில் செய்தவை, அதிலும் தப்பு இருக்கலாம். அவர் எழுதுகிற ஆள் இல்லை. புது அளவு எடுத்துக்கொண்டு நகரத்துக்கு உன்னிடம் வருகிறேன். நீ செய்து கொடு. உன் கை திடமான கை.

இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறேன். மாமா கண்டக்டராக இருந்த காலத்து பஸ் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் பாதி பஸ் இப்போது ஓடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தாறு முனை, இருபத்தெட்டு விளக்கடி, முப்பதாம் தேதி நீ. அவசரமாக ஏதாவது இருந்தால் முனைத் தபால் நிலையத்துக்கு எழுது, கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

அக்கா,
முனைத் தபால் நிலையத்தில் வந்து பெற்றுக்கொள்வது

நகரம்,
மே 17

அக்கா,

டீச்சர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இதைப் படி. தயவுசெய்து முதலில் இதைப் படி.

உன் கையில் தப்பில்லை. நான் மிதவையில் டப்பாக்களை மாற்றி மூடிவிட்டேன். விளக்குக்காரரின் செட் டீச்சரிடம் இருக்கிறது, டீச்சரின் செட் அவரிடம் இருக்கிறது. விளக்கடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டையும் ராவினேன், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனேன். ஏப்ரலில் இதை எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்றை எழுதி அனுப்பினேன்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. நீ கேட்க வேண்டியது ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் உனக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

தம்பி

*

விளக்கடி,
மே 29

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன்.

பஸ் மூன்று மணிநேரம் தாமதம். என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டது. தபால் நிலையம் பூட்டியாகிவிட்டது. கோடை விடுமுறையிலும் தனி வகுப்பு நடந்தது, விட இன்னும் அரைமணி இருந்தது, அதனால் நேரே உள்ளே போனேன்.

டீச்சர் அலமாரிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். வாயைத் திறக்கவில்லை, கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசினார். என்னால் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, டீச்சர் முன்பு எடுத்த வகுப்புக்குப் போய் நின்றேன். நாற்பது பிள்ளைகள். "உங்க டீச்சர் வாயில தப்பில்ல. பல்லு செஞ்ச என் கையிலதான் தப்பு. எனக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது. சிரிக்கணும்னா என்னப் பாத்து சிரிங்க" என்று சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி அழுதாள்.

அப்புறம் டீச்சர் வீட்டில், செட்டைக் கழற்றிக் கொடுத்தார். கழுவி, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய்த் திருப்பிப் பார்த்தேன். அரம் பட்டுப் பாதி அழிந்திருந்தது. ஆனாலும் நான் கீறியது எனக்குத் தெரியும். ஏழு.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். ஒன்றுமில்லை, பஸ் களைப்பு என்று சொன்னேன். என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை தபால் நிலையத்தில் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அது இல்லாமல், பஸ்ஸில் ஜாக்கிரதையாக வா என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது என்றுதான் திறக்கவில்லை. இங்கே விளக்குக்காரர் வாயைப் பார்த்த பிறகுதான் பிரித்தேன். அவருக்கு ஈறெல்லாம் புண். நான்கு மாதமாகச் சோற்றைக் கரைத்துக் குடித்திருக்கிறார். "நான்தாம்மா சரியா மாட்டத் தெரியாம இருந்தேன்" என்றார்.

இரண்டு பேருக்கும் அளவெடுத்து, மாவு ஊற்றிவிட்டேன். என் கையால்தான் ஊற்றினேன். ஒரு குமிழிகூட இல்லை, நீயே பார்.

அச்சுகளை மரப்பெட்டியில் வைத்து நகரத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். செய்து, உன் வேனில் நீயே கொண்டுபோய்க் கொடு. என்ன சொல்ல வேண்டுமோ, யாரிடம் சொல்ல வேண்டுமோ, அதுவும் உன் வேலை.

நான் நகரத்துக்கு வரவில்லை. ஒரு நாள் பயணம்தான் மிச்சம், ஆனாலும் இங்கிருந்தே திரும்புகிறேன். வேட்டியைப் பெட்டியோடு வைத்திருக்கிறேன்.

அக்கா

*

முனை,
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

லீவு கிடைக்கச் சிரமமாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் காரணத்தை முழுதாகச் சொன்னேன். அவர், "போயிட்டு வாங்க" என்றார். திரும்பிப் போனால் மேசை இருக்குமா என்று தெரியவில்லை.

அதே சாலை. போன தடவை ஒரு நாளில் பறந்து கடந்த தூரத்தை இப்போது இரண்டு நாள் ஓட்டினேன். பாறை ஓரத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் சாலையைப் பற்றியும் லாரியைப் பற்றியும்தான் முதலில் சொல்ல வந்தது. கடைசியில் அவற்றை விட்டுவிட்டேன்.

விளக்குக்காரருக்குப் புது செட் ஒரே தடவையில் உட்கார்ந்தது. விஷயத்தைச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். பழைய செட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் இவ்வளவு நாளா அந்தம்மா பல்லையா போட்டிருந்தேன்? அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" என்றார். அவருக்கு அதுதான் வெட்கமாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டீச்சர் சொன்னார். முதலில் கண்ணாடியைக் கேட்டார், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினார், விசில் வரவில்லை. அப்புறம் செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார். "நான் தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்ப்பேன் தம்பி. அரைமணி நேரம். உங்கள மனசுல நெனச்சுக்கிட்டுத்தான் பழகுவேன், அவ்வளவு பொறுமையா செஞ்சு கொடுத்தாரே, நமக்கு வரலையேன்னு" என்றார். பிறகு, "உங்க அக்கா வகுப்புல வந்து சொன்னாங்க. நீங்களும் அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். அதே நாற்பது பிள்ளைகள். அன்றைக்கு வந்த அம்மாவின் கையில் தப்பில்லை, பல்லை மாற்றிக் கொடுத்தது நான் என்று சொன்னேன். ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"அப்ப அந்தம்மா ஏன் அவங்க தப்புன்னு சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது."

"யாரும் அவங்ககிட்ட சொல்லலையா?"

"எனக்குத் தெரியும். நான் சொல்லல."

"ஏன்?"

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். டீச்சர்தான் கடைசியில், "உக்காரும்மா" என்றார். தெளிவான குரல். திங்கட்கிழமையிலிருந்து திரும்ப வகுப்பு எடுக்கிறார்.

உன் அரங்களைத் திரும்ப வாங்கிக்கொள். பலகையை மாட்டச் சொல். இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி

*

பட்டறை,
ஜூலை 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உனக்கு மேசை இருக்கிறதா, இல்லையா என்று எழுது. இல்லை என்றால் அதையும் எழுது, வேறு மாதிரி எழுதாதே.

டீச்சர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாய் என்று தெரிந்துகொண்டேன். நீ எழுதியதும் அவர் எழுதியதும் ஒன்றாக இருந்தன. ஒப்பிட்டுத்தான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மருந்துக்கடைக்காரரின் மகளிடம் போய், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். பலகையை மாமா கோணலாக மாட்டியிருக்கிறார்.

போன வாரம் முதல் வேலை வந்தது. மாவு கலக்கி ஊற்றும்போது கை நடுங்கியது. விளக்கடியில் நடுங்கவில்லை, இங்கே நடுங்குகிறது. இது வயதால் வந்த நடுக்கமா, இல்லை நீ எழுதியதை ஒரு மாதத்துக்கு மேல் நம்பினேனே, அதனால் வந்த நடுக்கமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் கை அது பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது ஊற்றும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டப்பாவை மாற்றியதை, அந்த ஏழைப் பார்த்த அன்றே மன்னித்துவிட்டேன். அவசரத்தில் யாருக்கும் நடக்கும். ராவியதையும், வண்டியை எடுத்துக்கொண்டு போனதையும் கூட, இந்த இரண்டு மாதத்தில் மெல்ல மெல்ல மன்னித்துவிட்டேன். என் கை போய்விட்டதா என்று உன்னிடம் கேட்டேன். உனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே, ஓய்வெடு என்று எழுதினாய். அதை மட்டும் மன்னிக்க முயற்சி செய்து பார்க்கிறேன், இன்னும் முடியவில்லை.

முடிகிற அன்றைக்கு எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ எழுதிக்கொண்டிரு.

அக்கா